ஸ்பைடர்மேன் கேம் ஆட ஆசையா? முதலில் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்

அக்கா பையன் பத்தாவது முடித்த கையோடு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, கம்ப்யூட்டர்ல ஸ்பைடர்மேன் போட்டுக் குடுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துச் சரி என்றேன். ஏழு வாரம் ஆனது. நடுவில் ஒரு ஏமாற்றுக் கணக்கு, ஒரு தப்பான கார்டு, மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு மூன்று தடவை பஸ், அக்காவிடம் தினமும் வசவு. நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான், ஆனால் பேச்சு தமிழ், சந்தை பொள்ளாச்சி, பெரிய கடை என்றால் கோயம்புத்தூர். சித்தூர், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான் இருக்கும் என்பதால் நான் பட்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. எந்த கேம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த வரிசையில் கம்ப்யூட்டருக்கு மூன்று இருக்கின்றன. "மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு" 2022 ஆகஸ்டில் வந்தது, "மைல்ஸ் மொராலஸ்" அதே வருடம் நவம்பரில், "ஸ்பைடர்மேன் 2" 2025 ஜனவரி 30 அன்று. மூன்றையும் செய்தது இன்சோம்னியாக், கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தது நிக்சஸ். புதிதாகத் தொடங்குகிறவர் ரீமாஸ்டர்டை வாங்குங்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது, பழைய மெஷினும் தாங்கும், தனியாக விற்ற மூன்று கூடுதல் அத்தியாயங்களும் இதற்குள்ளேயே அடக்கம். இரண்டாம் பாகம் 140 ஜி.பி. இடமும் 16 ஜி.பி. ரேமும் கேட்கும், அதுவும் குறைந்தபட்சமாக. வீட்டில் ஏற்கனவே நல்ல மெஷின் இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேமுக்கு ஆண்ட்ராய்டு பதிப்பு கிடையாது. "மொபைலில் ஸ்பைடர்மேன், 800 எம்.பி. மட்டும்" என்று வீடியோ போட்டு கீழே லிங்க் கொடுப்பவர் எவராக இருந்தாலும் உங்கள் போனுக்குள் எதையோ இறக்கப் பார்க்கிறார். பையன்கள் அம்மாவின் போனில்தான் இதைச் செய்வார்கள், அந்த போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கும்.

தமிழ்க் குரலோ தமிழ் வசனமோ இதில் இல்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டு ஆடினால் பத்தாவது படிக்கிற பையனுக்குப் புரியும். வயது வரம்பு அமெரிக்க மதிப்பீட்டில் 13க்கு மேல், ஐரோப்பிய மதிப்பீட்டில் 16க்கு மேல். ரத்தம் கொட்டுகிற விளையாட்டு இல்லை, ஆனால் அடிதடி நிறைய. ஏழு வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

2. மெஷின் தாங்குமா என்று பாருங்கள்

ரீமாஸ்டர்டுக்குக் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு: 64 பிட் விண்டோஸ் 10, 8 ஜி.பி. ரேம், ஐ3-4160 பிராசசர், ஜி.டி.எக்ஸ். 950 கிராபிக்ஸ் கார்டு, 75 ஜி.பி. இடம். இதில் ஓடும், அவ்வளவுதான். 720பி-யில் (திரைப் படத்தின் தெளிவு அளவு அது), எல்லாவற்றையும் ஆகக் கீழே வைத்து, நொடிக்கு 30 பிரேம். நிம்மதியாக ஆட 16 ஜி.பி. ரேம், ஐ5-4670, ஜி.டி.எக்ஸ். 1060 ஆறு ஜி.பி. அல்லது ஆர்.எக்ஸ். 580 எட்டு ஜி.பி., எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வந்த வேகமான டிரைவ்) இவ்வளவும் வேண்டும். அப்போது 1080பி-யில் 60 பிரேம் கிடைக்கும்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி டி.எக்ஸ்.டயாக் (dxdiag) என்று அடியுங்கள். டிஸ்பிளே என்ற பக்கத்தில் கார்டு பெயர் இருக்கும். "இன்டெல் எச்.டி. கிராபிக்ஸ்" என்று மட்டும் இருந்தால் தனிக் கார்டு இல்லை என்று அர்த்தம்.

லேப்டாப்காரர்கள் கவனிக்க. உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கலாம், கேம் பலவீனமானதில் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய், கேமைச் சேர்த்து, ஹை பெர்பாமன்ஸ் என்று மாற்றுங்கள். சார்ஜர் சொருகாமல் ஆடினாலும் வேகம் பாதியாகும்.

எஸ்.எஸ்.டி. விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்கில் ஓடாமல் இல்லை. ஆனால் நகரத்தின் மேல் வேகமாகப் பறக்கும்போது கட்டடங்கள் முதலில் களிமண் பொம்மை மாதிரி வழுவழுவென்று நிற்கும், நீங்கள் தாண்டிப் போன பிறகுதான் ஜன்னல் முளைக்கும்.

3. பழைய கார்டு வாங்கப் போகிறீர்களா, மெதுவாகப் படியுங்கள்

என் பணமும் நேரமும் அதிகம் போனது இங்கேதான். எங்கள் வீட்டு மெஷின் பழைய ஐ5, ரேம் 8 ஜி.பி., தனிக் கார்டு இல்லை. காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் "1060 இருக்குதுங்க, அஞ்சாயிரம்" என்றார்கள். வாங்கி, துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் 3 ஜி.பி.

ஜி.டி.எக்ஸ். 1060 என்ற ஒரே பெயரில் 3 ஜி.பி. ஒன்று, 6 ஜி.பி. ஒன்று, இரண்டும் விற்றார்கள். மெமரி மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற கோர்களும் சின்னதில் குறைவு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. மறுபடி பஸ் ஏறிப் போய், கெஞ்சி, மேலே 1,500 கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன். நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

கார்டின் முழுப் பெயரும் மெமரியும் என்ன? ஆர்.எக்ஸ். 580-லும் 4, 8 என்று இரண்டு உண்டு.

கடையிலேயே மாட்டி ஜி.பி.யு.-இசட் (GPU-Z) என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மிகப் பழைய கார்டுக்குள் பொய்ப் பெயரை எழுதி 1050 டி.ஐ. என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருள் பெரும்பாலான போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுவிடும்.

கால் மணி நேரம் ஏதாவது ஒரு ஸ்டிரெஸ் டெஸ்ட் (கார்டை முழு வேகத்தில் ஓடவைக்கும் சோதனை) ஓடட்டும். திரையில் கோடு, புள்ளி, கறுப்பு எதுவும் வரக்கூடாது. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பில் கட்டாயம். அதில் கார்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், எத்தனை நாள் வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன ஒரு மாத வாரண்டி வேலந்தாவளம் தாண்டியதும் முடிந்துவிடும். கையெழுத்து, கடை முத்திரை இரண்டும் வாங்கி, அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தெர்மல் பில் எழுத்து இரண்டு மாதத்தில் அழிந்துபோகும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மெஷினுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 1060 கார்டு 120 வாட் இழுக்கும், ஆறு முனை வயர் ஒன்று தனியாகக் கேட்கும், 400 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருக்கும், நம்பவேண்டாம். எங்களுடையதிலும் எழுதியிருந்தது. சண்டைக் காட்சி வந்தால் மெஷினே பட்டென்று அணைந்தது, மூன்று நாள் விண்டோஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபிறகுதான் புத்தி வந்தது. நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கியதும் அன்றோடு சரியானது.

செலவுக் கணக்கு, நான் வாங்கிய சமயத்து விலையில்: கார்டு 6,500, எஸ்.எம்.பி.எஸ். 2,800, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,000, இன்னொரு 8 ஜி.பி. ரேம் 1,600, கண்ட்ரோலர் 1,400. ரேம் வாங்கும்போது பழையதைப் போலவே வேகமுள்ளதைக் கேட்டு, இரண்டு குச்சியாகப் போடுங்கள். இரண்டு சேர்ந்து வேலை செய்தால்தான் வேகம்.

4. நெட்: 75 ஜி.பி. என்றால் எவ்வளவு நேரம்

ஒரு நாளைக்கு 2 ஜி.பி. தருகிற மொபைல் பேக்கில் இறக்கினால் 38 நாள் ஆகும், அதுவரை வீட்டில் யாரும் ஒரு ரீல்ஸ் கூடப் பார்க்கக்கூடாது. பைபர் இணைப்புதான் வழி. 30 எம்.பி.பி.எஸ். லைனில் ஐந்தரை மணி நேரம், 100-ல் ஒன்றே முக்கால் மணி நேரம், எல்லாம் ஒழுங்காக வந்தால். நெட்காரர் 30 என்று சொன்னது, கேம் வாங்கி இறக்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 3.7 என்று தெரியும்போது பதறி அவருக்கு போன் போடாதீர்கள். அவர் சொன்னது பிட், ஸ்டீம் காட்டுவது பைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். நான் போன் போட்டுவிட்டேன்.

புது இணைப்பு எடுக்கிறவர்களுக்கு எல்லைப்புறத்துச் சங்கடம் ஒன்று. எங்கள் பக்கம் பலருக்கு ஆதார் முகவரி இன்னமும் பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்த ஊரிலேயே இருக்கிறது, குடியிருப்பது கேரளத்தில். எனக்கும் அப்படித்தான். ஆதார் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன், திருப்பி அனுப்பினார்கள். வீட்டு ஓனர் பெயரிலுள்ள கரண்ட் பில் நகல், வாடகை ஒப்பந்தம், ஆதார், ஒரு போட்டோ, இவ்வளவும் முதல் தடவையே கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும். விண்ணப்பம் மலையாளத்தில் இருந்தால் அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) உட்கார்ந்திருக்கும் சேச்சியிடம் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் நிரப்பித் தருவார். வயர் இழுக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

டிரைவில் 75 மட்டும் காலியாக இருந்தால் போதாது, 100 ஜி.பி. வைத்திருங்கள். இறக்கும்போதும் அப்டேட்டின்போதும் ஸ்டீம் கூடுதல் இடம் கேட்கும். நடுவில் நெட் போனாலும் கரண்ட் போனாலும் பயமில்லை, விட்ட இடத்தில் தொடரும். ஸ்டீமில் இந்த கேமை வைத்திருக்கும் நண்பர் பக்கத்திலேயே இருந்தால் அவர் மெஷினை உங்கள் வீட்டு வைபையில் இணைத்து, லோக்கல் நெட்வொர்க் வழியாகக் காப்பி செய்யும் வசதியும் ஸ்டீமிலேயே உண்டு. கேம் உங்கள் கணக்கிலும் வாங்கியிருக்க வேண்டும், மிச்சமாவது இறக்கும் நேரம் மட்டும்தான்.

5. கணக்கு, பணம், தள்ளுபடி

இங்கேதான் நான் 300 ரூபாயைத் தொலைத்தேன். இன்ஸ்டாகிராமில் ஒருவர் "ஒரிஜினல் கேம், 300 மட்டும், லைப்டைம்" என்று போட்டிருந்தார். பணம் போட்டதும் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வந்தது, அதில் நுழைந்து இறக்கி, பிறகு ஆப்லைனில் ஆடவேண்டுமாம். ஒன்பதாவது நாள் பாஸ்வேர்டு மாறியது, ஆளையும் காணோம். ஒரே கணக்கை நூறு பேருக்கு விற்கும் வியாபாரம் அது. பென்டிரைவில் "கிராக்" (திருட்டுப் பிரதி) போட்டுத் தருகிறவர்களிடமும் போகவேண்டாம், கேமோடு கூட என்ன வருகிறது என்று தருகிறவருக்கே தெரியாது.

உங்கள் பெயரில் சொந்தமாக ஸ்டீம் கணக்கு தொடங்குங்கள், காசு வேண்டாம், ஆவணமும் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். வயது 13 ஆகியிருக்க வேண்டும். பையனின் பள்ளிக்கூட மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், பள்ளி மாறினால் போச்சு. போனில் ஸ்டீம் ஆப்பைப் போட்டு ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற பாதுகாப்பை உடனே இயக்குங்கள். அப்போது அது கொடுக்கும் மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். வாங்கியதற்கு வரும் ரசீது மின்னஞ்சலையும் அழிக்கவேண்டாம். நாளைக்குக் கணக்கு யார் கையிலாவது போனால், இது என்னுடையதுதான் என்று நிரூபிக்க அந்தப் பணப் பரிமாற்ற விவரம்தான் உதவும்.

கம்ப்யூட்டருக்கு வந்தபோது ரீமாஸ்டர்டின் விலை 3,999 ரூபாய். முழு விலை கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். வருடத்தில் பல தடவை விலை இறங்கும், 60 சதவீதம் இறங்கியபோது நான் 1,599-க்கு வாங்கினேன். பெரிய தள்ளுபடி ஜூன் கடைசியிலும் டிசம்பர் மூன்றாம் வாரத்திலும் தொடங்கும், நம்ம ஊர் நேரத்துக்கு ஜூனில் ராத்திரி பத்தரை, டிசம்பரில் பதினொன்றரை. தொடங்கிய முதல் அரை மணி நேரம் பக்கமே திறக்காது, தூங்கிவிட்டுக் காலையில் வாங்குங்கள், இரண்டு வாரம் இருக்கும். விஷ்லிஸ்டில் சேர்த்துவைத்தால் விலை குறைந்ததும் மின்னஞ்சல் வரும்.

பணம் யு.பி.ஐ. மூலமே கட்டலாம். பணம் போய் கேம் வரவில்லை என்றால் அது பெண்டிங்கில் நிற்கிறது, உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள்.

திருப்பித் தரும் விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள். மெஷினில் ஓடுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஆனால் அந்த 2 மணி நேரம் எப்படி எண்ணப்படுகிறது தெரியுமா, கேம் திறந்திருந்தாலே ஓடும். தொடங்கும்போது வருகிற செட்டிங்ஸ் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் ஓடும். எனவே முதல் முறை திறக்கும்போது பக்கத்தில் கடிகாரம் இருக்கட்டும், ஒன்றரை மணிக்குள் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் ஆடுவதென்றால் ஸ்டீம் பேமிலியில் சேரலாம், மொத்தம் ஆறு பேர். ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆட முடியாது. ஒரே வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள், வெளியேறினாலும், சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் வேறு பேமிலியில் சேர முடியும். ஆகவே கூட்டாளிக் கும்பலோடு சேர்ந்துவிட்டு அப்புறம் தங்கையைச் சேர்க்க முடியாமல் நிற்காதீர்கள்.

6. கரண்ட், வெயில்

பாலக்காட்டுக் கணவாய் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் அறையில் இந்த கேம் கார்டை அடுப்பாக்கிவிடும். பகல் 12 முதல் 4 வரை ஆடவேண்டாம். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி டேபிள் பேனை நேரே வைத்தோம், 84-ல் நின்ற சூடு 73-க்கு இறங்கியது. தென்னந்தோப்புக் காற்றில் தூசி அதிகம், மாதம் ஒரு முறை பிரஷ் போடுங்கள். லேப்டாப் என்றால் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு சோடா மூடி வைத்தாலே காற்று போகும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் பாருங்கள், யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகிற அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டால் மாற்றம் வேகமாக நடக்கும், எங்களுக்கு அதற்குப் பிறகு அணையவில்லை. ஐந்து வருடமாக அந்த சுவிட்ச் அங்கே இருந்தது, ஒருவரும் தொட்டதில்லை. கேம் தானே சேவ் செய்துகொள்ளும், கிளவுடிலும் ஏறும். ஆனால் ஒரு மிஷனின் நடுவில் போனால் கடைசியாகச் சேவ் ஆன இடத்திலிருந்துதான்.

7. செட்டிங்ஸ், பத்து நிமிடம்

ரே டிரேசிங்கை அணையுங்கள். ஜன்னல் கண்ணாடியில் நகரம் பிரதிபலிப்பது அழகுதான், பிராசசரையும் சேர்த்துப் பிழிந்துவிடும். அப்ஸ்கேலிங்கில் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) ஆர்.டி.எக்ஸ். கார்டு உள்ளவர்கள் டி.எல்.எஸ்.எஸ்., மற்றவர்கள் எப்.எஸ்.ஆர். போட்டுக் குவாலிட்டி என்று வையுங்கள். கிரவுட் டென்சிட்டி, டிராபிக் டென்சிட்டி இரண்டையும் குறைத்தால் பழைய பிராசசருக்கு மூச்சு வரும், தெருவில் ஆட்கள் குறைவார்கள், அவ்வளவுதான். டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்) கார்டின் மெமரியைப் பொறுத்தது, 4 ஜி.பி. என்றால் மீடியத்தைத் தாண்டவேண்டாம்.

அக்சசிபிலிட்டி பக்கத்தில் புதிர்களைத் தாண்டிப்போகவும், திடீரென்று பட்டன் அழுத்தச் சொல்லும் இடங்களைத் தானாக முடிக்கவும் வசதி இருக்கிறது. போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை, அந்த வயர் பொருத்தும் புதிர்கள் எனக்கே சலித்துவிட்டன. கஷ்டத்தின் அளவு அமேசிங்கில் தொடங்குங்கள், அடி வாங்கினால் பிரண்ட்லிக்கு இறக்குங்கள், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கீபோர்டிலும் ஆடலாம். ஆனால் கண்ட்ரோலர் வாங்குங்கள் என்பேன். பட்டன்களை நான் எக்ஸ்பாக்ஸ் பாணியிலேயே சொல்கிறேன், மலிவான கண்ட்ரோலர்கள் எல்லாம் அப்படித்தான். பி.எஸ். 5 கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வயரில் சொருகுங்கள், டிரிகர் இறுகுகிற அந்த உணர்வு வயரில் மட்டும்தான் வரும்.

8. பறப்பது: தூரியை (ஊஞ்சலை) நினைத்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் பையன் ஆடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆர்.டி.-யை (கண்ட்ரோலரின் வலது டிரிகர்) அழுத்தியே பிடித்திருந்தான். வலையில் தொங்கி, முன்னால் போய், உச்சியில் நின்று, பொத்தென்று இறங்கி, மறுபடி தொங்கி, ஒரு கட்டடத்தில் மோதினான். "மாமா, இது ஸ்லோவா இருக்குதுங்க" என்றான். கேம் ஸ்லோ இல்லை, அவன் விரல் விடவேண்டிய இடத்தில் விடவில்லை.

ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி ஆடியிருப்பீர்கள். தூரியிலிருந்து தாவிக் குதித்த ஆளுக்குத் தெரியும், ஆகக் கீழே வரும்போது வேகம் அதிகம், அதைத் தாண்டி முன்னால் ஏற ஆரம்பித்த கணத்தில் கையை விட்டால் தூரப் போய் விழலாம், உச்சி வரை பிடித்திருந்தால் நின்ற இடத்திலேயே விழுவோம். இதிலும் அதேதான். ஆர்.டி.-யைப் பிடித்து, கீழே போய், உடம்பு ஏறத் தொடங்கியதும் விரலை எடுத்து, அதே கணத்தில் ஏ-யை அழுத்துங்கள். முன்னால் ஒரு தள்ளு கிடைக்கும். அடுத்த வலையைக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு போடுங்கள். இதைச் சொன்னதும் பையன் கண்ட்ரோலரை மடியிலிருந்து மேலே தூக்கி, கட்டை விரலை ஏ மேலேயே வைத்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் மோதுவது நின்றது.

வேகம் போதவில்லை என்றால் உயரத்திலிருந்து இடது குச்சியை அழுத்தித் தலைகீழாகப் பாயுங்கள், தரைக்கு அருகில் வலை போடுங்கள். விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் குறையாது. எல்.டி.-யும் (இடது டிரிகர்) ஆர்.டி.-யும் சேர்த்து அழுத்தினால் ஒரு முனைக்கு இழுத்துக்கொண்டு போகும், கால் படும் நேரத்தில் ஏ-யை அழுத்தினால் அங்கிருந்து கவணில் வைத்து விட்டது போல் பாய்வீர்கள். சுவர் வந்தால் ஆர்.டி.-யை விடாமல் பிடியுங்கள், சுவரிலேயே ஓடும்.

வலை உண்மையிலேயே கட்டடத்தில்தான் ஒட்டும். சென்ட்ரல் பார்க்கில் மரம் மட்டும்தான், தாழ்வாகப் போகவேண்டும், ஆற்றின் மேல் பிடிக்க ஒன்றுமில்லை. நேரம் ஓடும் துரத்தலில் பார்க்கைச் சுற்றிப் போவது சீக்கிரம்.

9. சண்டையில் அடி வாங்காமல் இருக்க

எக்ஸ் அடி, ஒய் வலையால் இழுத்துத் தாவுதல், பி விலகல், ஆர்.பி. (வலது டிரிகருக்கு மேலே உள்ள பட்டன்) வலை வீச்சு. புதியவர்கள் எக்ஸ்ஸையே தட்டித் தட்டிச் சாவார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு மின்னினால் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு பி. துப்பாக்கிக்காரர்கள் இருந்தால் எக்ஸ்ஸை அழுத்திப் பிடித்து ஒருவனோடு மேலே எழும்பி ஆகாயத்திலேயே அடியுங்கள், தரையில் இருப்பவர்களுக்கு எட்டாது. சுவர் பக்கத்தில் இருப்பவனுக்கு வலையைப் பூசினால் சுவரோடு ஒட்டிவிடுவான், அவன் கதை முடிந்தது. கேடயம் வைத்திருப்பவனை முன்னாலிருந்து அடிக்காதீர்கள், அவனை நோக்கி விலகினால் கால்களுக்கு நடுவே சறுக்கிப் பின்னால் போகலாம். பெரிய தடியனை முதலில் வலையால் சுற்றுங்கள், அப்புறம்தான் அடி உறைக்கும்.

போகஸ் பட்டை (சண்டையில் அடிக்க அடிக்க நிரம்புவது) நிரம்பினால் இரண்டு வழி: ஒய்யும் பியும் சேர்த்தால் ஒரே அடியில் ஒருவன் காலி, டி-பேடில் கீழ் அம்பை அழுத்தினால் உயிர் ஏறும். ஆரம்பத்தில் உயிருக்கே வையுங்கள். மொட்டை மாடியில் சண்டை என்றால் தள்ளிவிடத் தயங்கவேண்டாம், ஸ்பைடர்மேன் வலை வீசி ஆளைச் சுவரில் ஒட்டிவிடுவார், யாரும் சாவதில்லை. இம்பேக்ட் வெப் என்ற கருவி திறந்ததும் முதலில் அதையே மேம்படுத்துங்கள்.

10. எதை முதலில் செய்வது

கதையை முதல் மூன்று நான்கு மிஷன் நேரே ஆடுங்கள். அப்புறம் கண்காணிப்புக் கோபுரங்கள், இவை திறந்தால்தான் வரைபடத்தில் மற்றதெல்லாம் தெரியும். அதன்பிறகு முதுகுப்பைகள், நகரம் முழுக்க 55. ஒவ்வொன்றையும் எடுக்கப் பத்து நொடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன், உள்ளே ஒரு பழைய பொருளும் அதற்கொரு குட்டிக் கதையும். உடுப்பு, கருவி எல்லாம் இந்த டோக்கனில்தான் வாங்கவேண்டும், வகை வகையாக இருக்கிறது, ஒரே வகையைச் சேர்த்துவைத்துப் பயனில்லை. வலது குச்சியை அழுத்தினால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒளிரும். புறாவைத் துரத்தும் வேலை ஒன்று வரும், பறக்கப் பழகாமல் தொடாதீர்கள்.

கதை மட்டும் ஆடினால் 15 முதல் 20 மணி நேரம், எல்லாவற்றையும் துடைத்து எடுக்க அதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்பைடர்மேனின் தோழி மேரி ஜேனாக ஒளிந்து ஒளிந்து போகும் மிஷன்கள் சில உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை, பையனுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் தாண்ட வழியில்லை. அவசரப்படாமல், காவல் நிற்பவன் முதுகைத் திருப்பியதும் நகருங்கள், ஒவ்வொன்றும் சீக்கிரம் முடிந்துவிடும். கதை முடிந்ததும் கூடுதல் அத்தியாயங்களை மெனுவிலேயே பார்க்கலாம், மூன்று இருக்கும், வரிசையாக ஆடுங்கள். முதல் அத்தியாயத்தில் பிளாக் கேட் வருவாள், முதன்மைக் கதையில் அவள் விட்டுச்சென்ற தடயங்களைத் தேடி முடித்துவிட்டுப் போனால் அவள் யார் என்று விளங்கும்.

மைல்ஸ் மொராலஸும் இதே மெஷினில் ஓடும், அதற்கும் 75 ஜி.பி. வேண்டும். நாங்கள் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு டிசம்பருக்குக் காத்திருக்கிறோம். அதற்குள் அக்கா அந்த டேபிள் பேனைத் திருப்பிக் கேட்கிறாள், கேபினெட்டுக்கு 600 ரூபாயில் ஒரு பேன் வாங்கவேண்டும்.